ஒன்பது வருடம் வாரண்டியில் இருந்த லிஃப்ட்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் புகார் ஃபோன் எடுப்பது என் வேலை. "மூணு பேர் உள்ள மாட்டிக்கிட்டோம்" என்று ஒருவர் கத்துவார். "அதுக்கு என் காதை ஏன்யா கிழிக்கிற?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்க மாட்டேன். எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட் என்று வாங்கிக்கொண்டு பக்கத்து மேஜையில் இருக்கும் அக்காவிடம் சொல்வேன். அவர் உள்ளங்கை அளவு மஞ்சள் சீட்டில் லிஃப்ட் எண், கட்டடம், பழுது, போகும் நேரம் எல்லாம் எழுதி, யார் போக வேண்டும் என்று அவரே முடிவு செய்து, கிழித்து நீட்டுவார். வேலை முடித்த நேரத்தை மெக்கானிக் அதிலேயே எழுதித் திருப்பித் தர வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் எங்கள் மெக்கானிக் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது. அதனால் அவர் சீட்டக்கா.

இருபத்திரண்டு வருடம் அதே நாற்காலி. முப்பத்தோரு மெக்கானிக்குகளில் யாருக்கு முட்டி வலி, யாருக்கு எந்தக் கட்டடத்துக் காவலாளியோடு பேச்சுவார்த்தை இல்லை, யாரைக் காலையில் முதல் வேலையாக அனுப்பினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. மெக்கானிக்குகள் அவருக்குப் பயந்தார்கள். நானும்தான். பென்சிலைக் கடன் வாங்கித் திருப்பித் தராதவனை அவர் பார்க்கும் பார்வையில் ஆள் பொசுங்கிப்போவான்.

அவர் எழுதிய சீட்டுகளில் தினமும் ஒன்று பொய். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையே அதுதான்.

எங்கள் மெக்கானிக்குகளில் ஒருவருக்கு ஆறடி என்று பெயர். உயரத்துக்கு வைத்த பெயர். லிஃப்ட் குழிக்குள் அவர் மடங்கி உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்தால் நமக்கு இடுப்பு வலிக்கும். அவருக்கு ஒரே மகள். பேச்சு வராது, சத்தம் ஆகாது, தொட்டால் ஆகாது. அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை, நடுவில் வெளியே வர முடியாது. வேறு யார் கூப்பிட்டாலும் அந்தப் பெண் வண்டியில் ஏற மாட்டாள். மாமா ஒருவர் ஒருநாள் அழைக்கப் போய், கன்னமெல்லாம் நகக்கீறலோடு திரும்பி வந்தார். அப்பா வந்தால் மட்டும் வருவாள். ஆறடி இரண்டரைக்குக் கிளம்பிப் போய், அவளை வீட்டில் அத்தையிடம் விட்டுவிட்டு, மூன்றரைக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன் அப்போதிருந்த மேனேஜரிடம் அனுமதி கேட்டார். பின்னால் அக்காவும் போய் நின்றார். "நான் கம்பெனி நடத்தறேனா, சத்திரம் நடத்தறேனா?" என்றார் அந்த மனிதர். அக்கா வெளியே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். இடித்துத் தள்ளிய ஒரு கட்டடத்தின் லிஃப்ட் எண் 212 சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, முகவரிக்கு அந்தப் பிள்ளைகள் இல்லத்தின் முகவரியையே எழுதி, "கதவு சரியாக மூடவில்லை" என்று பழுதும் போட்டு ஆறடியின் கையில் கொடுத்தார்.

"அங்க லிஃப்டே இல்லையேக்கா" என்றார் ஆறடி.

"அது எனக்கும் தெரியும். நீ போ."

முகவரியை மாற்றாததற்கும் காரணம் வைத்திருந்தார். யாராவது ஆளைத் தேடினால் ஆள் எழுதிய இடத்தில் இருக்க வேண்டுமாம். "எடத்துல பொய் கெடையாது. லிஃப்டுல மட்டுந்தான்" என்று என்னிடம் ஒருமுறை விளக்கினார், ஏதோ பாதி விரதம் இருப்பவர் மாதிரி. பில் போகக் கூடாது என்பதற்காக வாரண்டியில் உள்ள லிஃப்ட் என்று குறித்தார். ஒன்பது வருடமாக வாரண்டி முடியாத லிஃப்ட் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பொய்யையும் அவர் மற்ற வேலையைப் போலவே சுத்தமாகச் செய்தார். ஒரே பழுதை அடுத்தடுத்த நாளில் எழுத மாட்டார். மழைக்காலத்தில் ஈரத்தால் பொத்தான் வேலை செய்யாது. வெயில் காலத்தில் மோட்டார் சூடாகும். ஒரு முறை நான் எட்டிப் பார்த்தபோது "மூன்றாம் மாடியில் நிற்காமல் போகிறது" என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்த இல்லத்தில் தரைத்தளத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி டிஜிட்டலாக மாறப்போகிறது என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். டிஜிட்டலாக மாறுவதைத் தாளில் எழுதி ஒட்டியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இனி சீட்டு கிடையாது. ஆளுக்கொரு ஃபோன், அதில் ஒரு ஆப். புகார் பதிவானால் ஆப்பே மெக்கானிக்கைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். அக்கா திரையைப் பார்த்துச் சரியென்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். புகார் இல்லாமல் வேலை உருவாக்க முடியாது. மெக்கானிக் எங்கே நிற்கிறார் என்பது வரைபடத்தில் நீலப் புள்ளியாகத் தெரியும்.

அதைப் படித்த அன்று அக்கா மதியம் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

மாற்றத்தை நடத்த ஒரு அம்மா வந்தார். டிஜிட்டல் மேடம் என்று பெயர் வைத்தோம். நல்ல மனுஷி, அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். சீட்டக்காவுக்குக் கம்ப்யூட்டரைக் கண்டால் பயம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாதீங்கம்மா, இது ஒண்ணும் கடிக்காது" என்பார். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். வண்ணம் மாற்றிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் எலியைப் பிடிப்பது எப்படி என்று கையைப் பிடித்துச் சொல்லித்தந்தார்.

எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது பெரும்பாடாக இருந்தது. ஏனென்றால் அக்காவுக்கு எல்லாம் தெரியும். அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் அத்தனை வீட்டுக்கும் கரண்டு கட்டணம் கட்டுவதிலிருந்து பள்ளிக்கூட விண்ணப்பம் வரை ஃபோனில் செய்து கொடுப்பவர் அவர்தான். அவர் கணவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். அந்தக் கடையின் கம்ப்யூட்டர் நின்றால் கடைக்காரர் அக்காவுக்குத்தான் ஃபோன் போடுவார். அப்படிப்பட்டவர் மேடத்தின் முன்னால் எலியைத் தலைகீழாகப் பிடித்தார். பயிற்சித் தேர்வில் மூன்று முறை தோற்றார். மூன்றாம் முறை நூற்றுக்கு ஆறு. தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவதொரு விடையை அழுத்தினால்கூட ஆறு வராது, இருபது வரும். ஆறு வாங்க எல்லாப் பதிலும் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா தேறும்வரை சீட்டு ஓடும். சீட்டு ஓடும்வரை ஆறடி போய் வருவார். அவ்வளவுதான் அவருடைய திட்டம். அதற்காக இருபத்திரண்டு வருட மானத்தை அடமானம் வைத்தார். கூடத்தில் பையன்கள் "அக்காவுக்கு எலி புலியாத் தெரியுது" என்று கேலி பேசியது அவர் காதில் விழுந்தது. விழாத மாதிரி சீட்டெழுதினார். நான் அந்தப் பையன்களை ஒரு வாரம் தூரத்துக் கட்டடங்களாகப் பார்த்து அனுப்பச் சொன்னேன். "வேலையில பழி வாங்கக் கூடாது" என்று அக்கா என்னையே கடிந்துகொண்டார்.

நான்காம் தேர்விலும் தோற்றால் அக்காவை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றிவிட்டு, வேறு ஆளை உட்கார்த்துவது என்று மேனேஜர் முடிவு செய்தார். இவர் புதியவர், புதியவர் என்றாலும் வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. அதிகம் பேச மாட்டார். அந்த முடிவு தெரிந்த அன்று ஆறடி எங்கள் மேஜைக்கு வந்தார். நின்றால் விளக்கு மறையும்.

"விட்டுடுங்கக்கா. நான் வேலைய விட்டுடறேன்."

"விட்டுட்டு?"

"ஏதாவது பாக்கறேன்."

"என்னத்தப் பாப்ப? இருபது வருஷமா லிஃப்டத் தவிர உனக்கு என்ன தெரியும்? உன் வீட்டுக்காரி சம்பளத்துல அந்த இல்லத்துக்குக் கட்ட முடியுமா? போய் வேலையப் பாரு. மணி ரெண்டரை." சீட்டைக் கிழித்து நீட்டினார். அன்றைக்கு 212-இல் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் மூவருக்கும் தெரியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. பழைய சீட்டுகளை எல்லாம் மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றிப் போனார்கள். பழைய பேப்பருக்குத்தான் போகிறது, தொலைந்தது சனி என்று அக்கா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவை ஸ்கேன் செய்யப் போயிருந்தன. ஒன்பது வருடச் சீட்டு, ஒன்று விடாமல்.

பிறகு ஒரு காலை பதினோரு மணிக்குக் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். சுவர் அகலத்துக்குத் திரை. மேடத்தின் முகத்தில் பெருமை வழிந்தது. "இதுவரைக்கும் நம்ம கண்ணுக்குத் தெரியாத விஷயமெல்லாம் இனிமே தெரியும்" என்றார்.

"உதாரணத்துக்கு, நம்ம பராமரிப்புல இருக்கற லிஃப்ட்லயே மோசமான லிஃப்ட் எது, யாருக்காவது தெரியுமா?"

யாரோ சந்தைத் தெருக் கட்டடம் என்றார்கள். யாரோ பழைய ஆஸ்பத்திரி என்றார்கள்.

"212" என்றார் மேடம். திரையில் சிவப்பாக வந்தது. "ஒன்பது வருஷத்துல ரெண்டாயிரத்து நூத்து நாப்பத்தாறு தடவ பழுது. கதவு, மோட்டார், பொத்தான், விளக்கு, எல்லாமே. அதுவும் கிட்டத்தட்ட தினமும் மத்தியானம் ரெண்டரைக்கு!"

கூடம் வாயைப் பிளந்தது. மேனேஜர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். முகம் வெளுத்திருந்தது. "இந்த லிஃப்ட்ல இன்னும் ஜனங்க ஏறிக்கிட்டு இருக்காங்களா?"

"ஆமா சார். இன்னொரு ஆச்சரியம். இத்தனை தடவையும் ஒரே ஆள்தான் போயிருக்கார். ஒரு தடவகூட ஒரு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கல." மேடம் கூட்டத்தில் தேடி ஆறடியைக் கண்டுபிடித்தார். தேடவே வேண்டியதில்லை. "இவருக்கு நாம எல்லாரும் கைதட்டணும்."

கைதட்டினார்கள். ஆறடி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைதட்டல் வாங்கிக்கொண்டு ஒரு மனிதன் அப்படிச் சாகிறதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மேனேஜர் கையை உயர்த்தினார். "கைதட்டெல்லாம் அப்புறம். யாராவது விழுந்து செத்தா யார் பதில் சொல்றது? இன்னிக்கே அந்த லிஃப்டப் பூட்டறோம். ரெண்டரைக்கு நானே வரேன்."

இரண்டரைக்கு மேனேஜர் அங்கே போனால் லிஃப்ட் இருக்காது. வாசலில் ஆறடியும் மகளும் இருப்பார்கள். சத்தமும் புது முகங்களும் ஆகாத பெண்ணைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று கேள்வி கேட்பார்கள். எனக்குத் தோன்றியது அக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். நாற்காலி உராயும் சத்தம் கேட்டது.

"சார், போக வேணாம். அந்த லிஃப்ட் இல்ல."

"எடுத்துட்டாங்களா?"

"எப்பவுமே இல்ல சார்."

"அப்ப இந்த ரெண்டாயிரத்துச் சொச்சம் பழுது?"

"நான் எழுதினது."

"கட்டடம்?"

"கட்டடம் இருக்கு சார். மாடிதான் இல்ல."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "நீங்க, அவர், மேடம், என் ரூமுக்கு வாங்க" என்றார். நானும் எழுந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. புகாரே வராத லிஃப்டுக்குத் தினமும் சீட்டுப் போனது புகார் ஃபோனில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாது என்று எந்த முட்டாள் நம்புவான்? அதைவிட, அந்த நேரத்தில் உட்கார்ந்தே இருந்திருந்தால் அப்புறம் அக்கா பக்கத்தில் எப்படி உட்காருவது?

அறையில் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை, நியாயம் பேசவில்லை. "தப்பு என்னோடது. சீட்டு என் கையெழுத்து. இவன வேலையிலேருந்து எடுக்காதீங்க" என்று முடித்தார். ஆறடி "இல்ல சார், தப்பு என்னோடது" என்று ஆரம்பித்தார். "நீ சும்மா இரு" என்று அக்கா அதட்டினார். மேனேஜர் அறையில், மேனேஜர் முன்னாலேயே.

"இவர் வெளிய போன நேரத்துல யாராவது லிஃப்ட்ல மாட்டியிருந்தா?" என்றார் மேனேஜர். நியாயமான கேள்வி.

"அந்த நேரத்துக்குப் பக்கத்துத் தெருவுல வேற ரெண்டு பேர வேலையில வச்சிருப்பேன் சார். ஒரு நாள்கூட ஒருத்தரும் காத்திருக்கல. அவனும் சும்மா போகல. சாயங்காலம் அந்த ஒரு மணி நேரத்தச் செஞ்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்."

"அதுக்கு என்ன சாட்சி?"

சாட்சி இல்லை. ஒன்பது வருடம் எல்லோரும் போன பிறகு வேலை செய்ததற்கு எங்கிருந்து சாட்சி வரும்?

மேடம் இதுவரை மடியில் இருந்த கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆள் உயிர் போகிற நேரத்தில் இந்த அம்மாவுக்கு அந்தப் பெட்டியில் என்ன வேலை என்று நினைத்தேன்.

"ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டார்.

"அஞ்சரை."

"இவர் கடைசி வேலைய முடிச்ச நேரம் இங்க இருக்கு. ஆறரை. ஆறு நாப்பது. ஆறரை. ஆறு முப்பத்தஞ்சு." திரையை மேனேஜர் பக்கம் திருப்பினார். "சார், ஒன்பது வருஷமும் இப்படித்தான். சில நாள்ல மட்டும் அஞ்சரைக்குப் போயிருக்கார். அந்த நாளெல்லாம் 212 பழுதாகல."

"அந்த நாள்ல பொண்ணுக்கு உடம்பு சரியிருக்காது" என்றார் ஆறடி மெதுவாக. "இல்லத்துக்கு அனுப்ப மாட்டோம். அதனால சீட்டு வேணாம்னு சொல்லிடுவேன்."

மேனேஜர் வெகுநேரம் அந்தத் திரையை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார். எங்களைச் சிக்கவைத்த அதே சீட்டுகள்தான். ஸ்கேன் செய்யாமல் எடைக்குப் போட்டிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம்; ஆனால் இந்தச் சாட்சியும் போயிருக்கும்.

"என்கிட்ட ஏன் கேக்கல?" என்றார் கடைசியில்.

"முன்னாடி இருந்தவர்கிட்ட கேட்டோம் சார்."

"அவர் போய் நாலு வருஷம் ஆச்சேம்மா."

நான்கு வருடம் அந்த மனிதரின் அறை வாசலைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போய் வந்தோம். ஒருமுறைகூடக் கதவைத் தட்டத் தோன்றவில்லை. போனவர் சொன்ன மறுப்பையே கம்பெனியின் மறுப்பு என்று வைத்துக்கொண்டு, இல்லாத லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம்.

மேடம் திரையில் ஏதோ ஒரு கட்டத்தைக் காட்டினார். வேலை நேரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ள ஆப்பில் வசதி இருந்தது. நடுவில் ஒரு மணி நேரம் ஆள் கிடையாது, அதற்குப் பதில் மாலையில் ஒரு மணி நேரம். மேனேஜர் தலையசைத்தார். மேடம் ஒரு டிக் போட்டார்.

"அவ்வளவுதான்" என்றார்.

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா.

"அவ்வளவுதான்மா. ரெண்டரைலேருந்து மூணரைக்கு ஆப் இவருக்கு வேலை தராது."

"அவ்வளவுதானா?" என்று அக்கா மறுபடி கேட்டார். பிறகு எதிரே இருந்த நாற்காலியில் யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். ஒன்பது வருடத்தில் அவர் தோளை அப்படித் தளர்த்தி நான் பார்த்ததில்லை. மேனேஜர், "மெமோ உண்டு, மூணு பேருக்கும்" என்றார். மெமோ வாங்கி இவ்வளவு சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்ட மூன்று பேர் கம்பெனி சரித்திரத்தில் இருக்க மாட்டார்கள். வெளியே வந்து நான் அடுத்தடுத்து இரண்டு டீ குடித்தேன்.

மறுநாள் அக்கா நான்காம் தேர்வை எழுதினார். ஏழு நிமிடம், நூற்றுக்கு நூறு. மேடம் திரையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ அந்த எலி...?"

"மன்னிச்சிடுங்கம்மா. நீங்க ரொம்பப் பொறுமையாச் சொல்லிக் குடுத்தீங்க."

மேடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்காவே போய், ஆப் எந்தெந்த இடத்தில் தப்பு செய்கிறது என்று பட்டியல் கொடுத்தார். முட்டி வலிக்காரரைப் படி ஏறும் கட்டடத்துக்கு அனுப்புகிறது, காவலாளியோடு சண்டை போட்டவரை அதே வாசலுக்கு அனுப்புகிறது, இப்படிப் பதினாறு. அதற்குப் பிறகு இருவரும் ஒரே திரையில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேனேஜர் அறைக்கு இன்னும் ஐந்து பேர் போய் நேரம் பிரித்துக் கேட்டார்கள். நான்கு பேருக்குக் கிடைத்தது. ஐந்தாவது ஆள் தூங்குவதற்குக் கேட்டான்.

அடுத்த வாரம் ஒரு நாள், மூன்றேகால் இருக்கும். ஆறடி உள்ளே வந்தார். அத்தை கடைக்குப் போயிருந்தாராம், இவர் வீட்டுச் சாவியை இங்கே மேஜை இழுப்பறையில் மறந்து வைத்துவிட்டாராம். பின்னால், அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அப்பாவின் தோளைத் தாண்டிய உயரம், காதில் பெரிய ஹெட்ஃபோன், பார்வை தரையில். புகார் ஃபோன் அடித்தது. நான் சட்டென்று எடுத்து, "ஒரு நிமிஷம்" என்று ரிசீவரை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். யாரோ எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கட்டும், ஒரு நிமிடத்தில் ஒன்றும் ஆகாது.

அக்கா எழுந்து நின்றார். அவர் அந்தப் பெண்ணை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்வதற்கு வசதியாக, பார்க்கவே கூடாது என்று வைத்திருந்தார். ஃபோட்டோ காட்ட வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் மனசில் இருந்தது முதல் சீட்டு எழுதிய அன்று ஆறடி சொன்ன ஐந்து வயதுக் குழந்தை.

கிட்டே போகவில்லை, தொடவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, கண் நிறைந்து வழிய, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எவ்வளோ வளந்துட்டா!"